பிள்ளை தடுமாறும்போது: பெற்றோரின் மன அழுத்தமும் அதனைச் சமாளிக்கும் வழிகளும்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாம் அதை ஒளிப்பதில்லை. அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்கிறோம், தெரிந்தவர்களிடம் கைமருந்து கேட்கிறோம், வேலைக்கு லீவு போடுகிறோம். அதே பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கிறது, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நாட்கணக்கில் உள்ளே கிடக்கிறது, கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிகிறது, சட்டைப் பையில் கஞ்சா வாசம் வருகிறது என்றால் கதை வேறு. யன்னலைச் சாத்திவிட்டு மெதுவாகக் கதைக்கத் தொடங்குகிறோம். கொண்டாட்டங்களுக்குப் போவதைக் குறைக்கிறோம். "மகன் எப்படிப் படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால், "பரவாயில்லை" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுகிறோம்.

இப்படியான பிள்ளைகளை எப்படித் திருத்துவது என்று ஆலோசனை சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையோடு ஒரே வீட்டில் இரவும் பகலும் வாழும் தாய் தகப்பனுக்கு என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது. பெற்றோர் தம் மன அழுத்தத்தைக் கவனிப்பது சுயநலமல்ல. அது பிள்ளைக்குச் செய்யும் வைத்தியத்தின் ஒரு பகுதி. ஏன் அப்படிச் சொல்கிறோம், அதற்கு நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். இங்கு கூறப்படும் சட்டங்களும் சேவைகளும் கனடாவுக்கு, குறிப்பாக ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை.

உடலில் என்ன நடக்கிறது?

மன அழுத்தம் உடலை எப்படிப் பாதிக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் ஹான்ஸ் செல்யே. ஹங்கேரியில் வளர்ந்த இவர் மொன்றியல் நகரில் பணியாற்றியபோது, 1936 ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் தமது கருத்தை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். நெருக்கடிக்கு உள்ளான உடல் மூன்று கட்டங்களைக் கடக்கிறது என்றார் அவர். முதலில் அபாய மணி அடிக்கிறது. அடுத்து உடல் எதிர்த்து நிற்கப் பழகுகிறது. நெருக்கடி தொடர்ந்தால் இறுதியில் உடல் களைத்து விழுகிறது.

இந்த மூன்று கட்டங்களையும் பல பெற்றோர் அனுபவத்தில் அறிவார்கள். பாடசாலையிலிருந்து முதல் தொலைபேசி அழைப்பு வந்த நாளில் நெஞ்சு படபடத்தது. ஆறு மாதம் செல்ல, தொலைபேசி அடித்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாதபடி பழகிவிட்டது. இன்னும் ஒரு வருடம் செல்ல, சின்ன விடயத்துக்கும் அழுகை வருகிறது, அல்லது எதுவுமே உறைப்பதில்லை.

ஆபத்து என்று மூளை உணர்ந்தால் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஹோர்மோன்கள் இரத்தத்தில் கூடுகின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, இரத்தத்தில் சீனியின் அளவு உயர்கிறது. நாய் துரத்தும்போது ஓடித் தப்புவதற்கு இந்த ஏற்பாடு உதவும். ஆனால் பிள்ளை இரவு 2 மணியாகியும் வீடு திரும்பாத கவலைக்கு ஓடித் தப்ப வழியில்லை. அபாய மணி மாதக்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் நித்திரை கெடும், வயிற்றில் எரிவு வரும், தலையிடி நிரந்தரமாகும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அவற்றைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். தெற்காசியர்களான எமக்கு இந்த இரண்டு நோய்களும் ஏற்கெனவே அதிகம் என்பதால் இது சிறிய விடயமல்ல.

கலிபோர்னியாவில் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பேர்ன் ஆகியோரின் குழு 58 தாய்மாரை ஆராய்ந்து 2004 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் 39 பேர் நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பராமரித்தவர்கள். எமது நிறமூர்த்தங்களின் நுனியில் 'டெலோமியர்' என்ற பாதுகாப்பு உறை உண்டு. வயது ஏற ஏற அது குறுகும். அந்த ஆய்வில், பராமரித்த வருடங்கள் கூடிய தாய்மாருக்கு அது கூடுதலாகக் குறுகியிருந்தது. தாம் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதாக உணர்ந்த தாய்மாரிடமும் அதே நிலையே காணப்பட்டது. இது ஒரு சிறிய ஆய்வுதான். இதை மட்டும் வைத்துக் காரணத்தை முடிவுசெய்ய முடியாது. ஆயினும் "கவலை என்னைத் தின்கிறது" என்று எமது தாய்மார் சொல்வது வெறும் பேச்சல்ல என்பதை அது உணர்த்துகிறது. டெலோமியர் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக பிளாக்பேர்ன் 2009 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வீட்டுக்குள் சுழலும் சண்டை

பெற்றோரின் அழுத்தம் அவர்களோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, அங்கு நடப்பதை நிமிடத்துக்கு நிமிடம் பதிவுசெய்தார். அதிலிருந்து அவர் கண்ட ஒரு சுழலை 1982 இல் வெளியான தமது நூலில் விளக்கினார். அதை எமது வீட்டு உதாரணத்தால் பார்ப்போம்.

15 வயது மகன் காலை 8 மணியாகியும் எழும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கதவைத் தட்டுகிறார். "எழும்பு ராசா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு." பதில் இல்லை. மீண்டும் தட்டுகிறார். "எத்தினை தரம் சொல்லுறது? உன்னாலை நான் வேலைக்குப் பிந்தப் போறன்." உள்ளேயிருந்து ஒரு கத்தல் வருகிறது. அம்மாவும் கத்துகிறார். அவன் கதவை உதைக்கிறான். அம்மா பயந்து, "என்னவோ செய்" என்று விலகிப் போகிறார். வீடு உடனே அமைதியாகிறது.

அந்த அமைதிதான் பிரச்சினை. கத்தினால், உதைத்தால் தன்னை விட்டுவிடுவார்கள் என்று மகன் கற்றுக்கொண்டான். விலகிப் போனால் நிம்மதி கிடைக்கும் என்று அம்மா கற்றுக்கொண்டார். இன்னொரு நாள் அப்பா வீட்டில் நிற்கிறார். அவர் இன்னும் உரத்துக் கத்தி, மகன் அடங்கிப் போனால், உரத்துக் கத்துவதே வழி என்று அப்பா கற்றுக்கொள்கிறார். யாரும் திட்டமிட்டுச் செய்வதல்ல இது. ஆனால் ஒவ்வொரு முறையும் சுழல் சற்று வேகமாகச் சுற்றுகிறது. நித்திரையில்லாத, பசித்த, வேலைக்குப் பிந்திய பெற்றோர் இதில் மிகவும் இலகுவாக அகப்படுவார்கள்.

சுழலை யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும். உணர்ச்சியை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்க உதவும் மூளையின் முன்பகுதி 20 வயதின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே 15 வயதுப் பிள்ளை முதலில் நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது பெரியவர்களின் வேலை. அந்த வேலையைச் செய்யும் சக்தி பெற்றோரிடம் மிஞ்சியிருக்க வேண்டும்.

எமக்கே உரிய சுமைகள்

எந்த நாட்டுப் பெற்றோருக்கும் இந்தத் துன்பம் பொது. ஆயினும் புலம்பெயர்ந்து வந்த எமக்குச் சில கூடுதல் சுமைகள் உண்டு.

முதலாவது வெட்கம். "நாலு சனம் என்ன சொல்லும்?" என்ற பயம் உதவி கேட்பதைப் பின்போட வைக்கிறது. இளைய மகளின் கலியாணம் வரை இந்தப் பயம் நீளும். ஊரில் என்றால் மாமா ஒருவர் வந்து மருமகனைத் தம் வீட்டுக்கு ஒரு கிழமை கூட்டிக்கொண்டு போவார். இங்கே அந்த மாமா வேறு நாட்டில் இருக்கிறார்.

இரண்டாவது வேலை நேரம். அப்பா இரவு வேலை, அம்மா பகல் வேலை என்றால் இருவரும் சந்திப்பது வாசற்படியில்தான். பிள்ளையைப் பற்றி இருவரும் ஒன்றாக இருந்து கதைக்க நேரமில்லை. ஆகவே ஒருவர் கண்டிப்பார், மற்றவர் களவாகப் பணம் கொடுப்பார். பிறகு ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள்.

மூன்றாவது மொழி. சாப்பாடு, வீட்டுப்பாடம், கோவில் பற்றிக் கதைக்கப் பிள்ளையின் தமிழ் போதும். தன் மனதுக்குள் இருக்கும் இருட்டைப் பற்றிச் சொல்ல அந்தத் தமிழ் போதாமல் இருக்கலாம். அதைக் கேட்டு விளங்க எமது ஆங்கிலமும் போதாமல் இருக்கலாம். "ஒன்றுமில்லை" என்று பிள்ளை சொல்வது சிலவேளை சொல் கிடைக்காததால்தான்.

நான்காவது, நாம் கடந்து வந்த பாதை. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் இலங்கைத் தமிழர் மனங்களில் ஏற்படுத்திய காயங்கள் பற்றி 1998 ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் காயப்படுத்துகிறது என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்தும் கருத்து. செல்லடிக்கும் சோதனைச் சாவடிக்கும் பழகிய உடல், கதவு அடிக்கும் சத்தத்துக்கும் துள்ளும். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாது. "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தோம்" என்று நாம் சொல்வது பாசத்தில்தான். ஆனால் தடுமாறும் பிள்ளையின் காதில் அது தீர்க்க முடியாத கடன் போல விழும்.

நாம் என்ன செய்யலாம்?

1. சூடு ஆறிய பின் கதையுங்கள். இஸ்ரேலிய உளவியலாளர் ஹைம் ஓமர், வன்முறையாக நடக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கென ஒரு முறையை வகுத்து 2004 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் அதற்கு முன்மாதிரியாகக் கொண்டது காந்தியடிகளின் அகிம்சைப் போராட்டத்தை. பணிந்து போவதும் இல்லை, திருப்பி அடிப்பதும் இல்லை. இடத்தை விட்டுப் போகாமல் நிற்பது. சண்டை நடக்கும் நேரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "நீ செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் யோசித்துவிட்டு நாளைக்குக் கதைக்கிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். மறுநாள் கட்டாயம் கதையுங்கள். சொன்னபடி கதைத்தால்தான், நீங்கள் பயந்து விலகவில்லை என்பது பிள்ளைக்கு விளங்கும்.

2. எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்களைக் கோபப்படுத்தும் விடயங்கள் அனைத்தையும் எழுதுங்கள். உயிருக்கும் பாதுகாப்புக்கும் உரியவற்றை முதலில் வேறாக்குங்கள். அடிப்பது, போதையில் வாகனம் ஓட்டுவது, சொல்லாமல் இரவு வெளியே தங்குவது போன்றவை அதில் அடங்கும். இவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை. பாடசாலை வரவு, கைத்தொலைபேசி நேரம் போன்றவை கதைத்து உடன்படிக்கைக்கு வரக்கூடியவை. தலைமுடியின் நிறம், குப்பையாகக் கிடக்கும் அறை, கோவிலுக்கு வர மறுப்பது ஆகியவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். பத்துச் சண்டை மூன்றாகக் குறைந்தால் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும்.

3. இருவரும் ஒரு குரலில் பேசுங்கள். கிழமைக்கு ஒருமுறை, அரை மணி நேரம், பிள்ளை இல்லாத இடத்தில் கணவனும் மனைவியும் இருந்து கதையுங்கள். தேநீர்க் கடையாகவும் இருக்கலாம், வாகனத்துக்குள்ளும் இருக்கலாம். யார் பிழை என்று தேடும் கூட்டமாக அது மாறக்கூடாது. வரும் கிழமைக்கு எந்த இரண்டு விடயங்களில் ஒன்றாக நிற்பது என்று மட்டும் முடிவுசெய்யுங்கள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் நம்பிக்கையான ஓர் உறவினருடன் இதைச் செய்யலாம்.

4. பிரச்சினையைத் தொடாத பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாளுக்கு ஒருமுறை பிள்ளையுடன் படிப்பு, நண்பர்கள், நேற்றைய சண்டை எதையும் பேசாத சிறிது நேரம் வேண்டும். பிடித்த சாப்பாட்டைச் செய்து அறை வாசலில் கொடுப்பதும் போதும். வாகனத்தில் போகும்போது அவர் கேட்கும் பாட்டைச் சேர்ந்து கேட்கலாம். முகம் பார்த்துக் கதைக்கக் கஷ்டப்படும் பிள்ளை சிலவேளை வாகனத்தில் பக்கத்திலிருந்து வாய் திறக்கும். தமிழில் முடியாவிட்டால் ஆங்கிலத்தில் சொல்லட்டும். குறுஞ்செய்தியில் எழுதினாலும் நல்லது.

5. உடலைக் கவனியுங்கள். நித்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, நாளுக்கு அரை மணி நேர நடை ஆகியவை பழைய புத்திமதிகள்தான், ஆனால் கோபத்தின் அளவைக் குறைப்பதில் இவற்றுக்கு ஈடில்லை. குளிர்காலத்தில் அங்காடிக்குள் நடக்கலாம். கோபம் ஏறும்போது மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படிச் செய்தால் இதயத் துடிப்பு இறங்குவதை நீங்களே உணர்வீர்கள். இரவில் நித்திரை வர ஒரு கிளாஸ் எடுப்பது வழக்கமாகிவிட்டால் அதைத் தீர்வென்று எண்ணாதீர்கள். மது நித்திரையின் தரத்தைக் கெடுக்கும், மறுநாள் பொறுமையையும் குறைக்கும்.

6. இரண்டு பேருக்காவது சொல்லுங்கள். ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை. கேட்டதை வெளியே கொண்டு போகாத இருவர் போதும். ஒருவர் உங்கள் கவலையைக் கேட்பதற்கு. மற்றவர் பிள்ளையோடு பழகக்கூடிய ஒரு பெரியவர். சித்தப்பா, பெரிய மச்சாள், விளையாட்டுப் பயிற்றுநர் என யாராகவும் இருக்கலாம். பெற்றோரிடம் சொல்லாததைப் பிள்ளை அவரிடம் சொல்லக்கூடும்.

7. மற்றப் பிள்ளைகளை மறவாதீர்கள். வீட்டின் கவனமெல்லாம் ஒரு பிள்ளையில் நிற்கும்போது, "நல்ல பிள்ளை" என்று பேரெடுத்தவர் தன் கவலையை விழுங்கிக்கொண்டு இருப்பார். அவருக்கென்றும் நேரம் வேண்டும். அவரைக் காட்டி மற்றவரைத் திட்டுவது இருவரையும் காயப்படுத்தும்.

8. கை நீட்டாதீர்கள். ஊரில் அடித்துத்தான் வளர்த்தார்கள் என்ற நியாயம் இங்கே உதவாது. பதின்ம வயதினரையும் 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளையும் அடிப்பதற்கும், பொருளால் அடிப்பதற்கும், தலையில் அடிப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2004 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, மேலே சொன்ன சுழலை அடியைப் போல வேகப்படுத்துவது வேறில்லை. கை ஓங்கும் நிலைக்கு வந்தால் உடனே அறையை விட்டு வெளியேறுங்கள்.

வைத்தியரிடமும் பாடசாலையிடமும்

குடும்ப வைத்தியரிடம் தொடங்குவது நல்லது. பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் மனச்சோர்வு, பதகளிப்பு, கவனக்குறைவுக் கோளாறு, பாடசாலையில் நடக்கும் கொடுமைப்படுத்தல், போதைப்பொருள், சிலவேளை உடல் நோய்கூட இருக்கலாம். போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாள் பாடசாலைக்குப் போகவில்லை. பத்து நிமிடச் சந்திப்பில் இது பெரிய உதவி.

பாடசாலையில் வழிகாட்டல் ஆசிரியரையும் சமூகப் பணியாளரையும் சந்திக்கக் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிரச்சினையில் இருக்கும் பிள்ளையையோ தம்பி தங்கையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தச் சுமை அவர்களுக்கு உரியதல்ல.

பல பெற்றோர் அதிர்ச்சியடையும் ஒரு விடயம் உண்டு. ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிக்கக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. சிகிச்சையைப் பற்றி விளங்கி முடிவெடுக்கக்கூடிய பிள்ளை தானே சம்மதம் கொடுக்கலாம். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பெற்றோரின் சம்மதமின்றியே உளவள ஆலோசனை பெறவும் வழியுண்டு. ஆகவே, "உங்கள் மகள் சொன்னதை நான் உங்களிடம் சொல்ல முடியாது" என்று வைத்தியர் கூறினால் அது அவமதிப்பல்ல. தான் சொல்வது வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை உண்மையைச் சொல்லும். உயிருக்கு ஆபத்து என்றால் வைத்தியர் அந்த இரகசியத்தைத் தாண்டி நடவடிக்கை எடுப்பார். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வைத்தியர் உங்களிடம் சொல்லத்தான் தடை. நீங்கள் கண்டவற்றை வைத்தியரிடம் சொல்லத் தடை எதுவுமில்லை.

உதவி கேட்டால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் எம்மிடையே உண்டு. பிள்ளையின் மனநலத்துக்கு உதவி கேட்பது குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. பிள்ளை துன்புறுத்தப்படுவதாக அல்லது கைவிடப்பட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தால்தான் ஆசிரியரும் வைத்தியரும் சிறுவர் நலச் சங்கத்துக்கு அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையென்றால் 211 என்ற இலக்கத்தை அழையுங்கள். உங்கள் பகுதியில் உள்ள சேவைகளைச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் தமிழிலும் கதைக்கலாம். பிள்ளைகள் தாமாகவே கதைக்க விரும்பினால் 'கிட்ஸ் ஹெல்ப் போன்' சேவை 1989 முதல் இயங்குகிறது. அதன் இலக்கம் 1-800-668-6868. அந்த இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைப்பதால் ஒரு நட்டமும் இல்லை.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

சாவைப் பற்றிக் கதைப்பது, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, கையில் வெட்டுக் காயங்கள், இல்லாத குரல்கள் கேட்பது, பல நாட்கள் சாப்பிடாமல் இருப்பது, ஆயுதம் வைத்திருப்பது ஆகியவை கண்டால் அடுத்த கிழமைச் சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

"சாக வேணும் போல இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளைக்குப் புதிதாக வந்துவிடாது. மாறாக, மனதைத் திறக்க ஒரு வாசல் கிடைக்கும். பதில் "ஓம்" என்றால் திட்டாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். "சொன்னது நல்லது. நான் உன்னோடு நிற்கிறேன்" என்று சொல்லி, பிள்ளையைத் தனியே விடாமல் உதவி தேடுங்கள். தற்கொலை எண்ணங்களுக்கான 988 என்ற தேசிய உதவி இலக்கம் 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் இயங்குகிறது. 24 மணி நேரமும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கதைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 911.

வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அம்மம்மாவின் பிரஷர் மாத்திரை, அப்பாவின் நீரிழிவு மாத்திரை, எல்லா வீட்டிலும் கிடக்கும் ரைலனோல் யாவும் இதில் அடங்கும். ரைலனோலை அளவுக்கு மீறி எடுத்தவர் முதல் நாள் சாதாரணமாகவே தோன்றலாம். ஈரல் பாதிப்பு அதன்பின்னரே வெளிப்படும். ஆகவே "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்று இருந்துவிடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளை காணாமல் போனால் பொலிஸுக்கு அறிவிக்க 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை.

பெற்றோர் தமக்கே வைத்தியரை நாட வேண்டியது எப்போது?

இரண்டு கிழமைக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்து எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், அதிகாலை 3 மணிக்கு விழித்து மீண்டும் நித்திரை வராவிட்டால், நெஞ்சு வலியோ மூச்சு முட்டுவதோ இருந்தால், மதுவின் அளவு கூடினால், பிள்ளையை அடித்துவிடுவேனோ என்று பயம் வந்தால், "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் வைத்தியரைப் பாருங்கள். நெஞ்சு வலியைக் கவலையால் வந்தது என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். அது உடனே பார்க்கப்பட வேண்டியது. பல வேலைத்தலங்களில் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் இலவசமான, இரகசியம் பேணும் ஆலோசனைச் சேவை உண்டு. உங்கள் சலுகைப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

சில பெற்றோர் "எங்கே பிழைவிட்டோம்?" என்ற கேள்வியிலேயே வருடங்களைக் கழிக்கிறார்கள். பிள்ளையின் பிறவிக் குணம், மூளையின் வளர்ச்சி, நண்பர்கள், பாடசாலை, நோய், வீடு எனப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்துதான் ஒரு பிள்ளை தடுமாறுகிறது. தனி ஒருவரால் வந்ததல்ல. அதைத் தனி ஒருவராகத் தீர்க்கவும் முடியாது. முன்னேற்றமும் நேர்கோட்டில் வராது. மூன்று நல்ல கிழமைக்குப் பின் ஒரு மோசமான இரவு வரும். அந்த இரவு, மூன்று நல்ல கிழமையையும் அழித்துவிடாது.

எமது சங்கத்தின் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொண்டாட்டங்களில் சந்திக்கும்போது பிள்ளைகளின் புள்ளிகளையும் பல்கலைக்கழகத்தையும் விசாரிப்பதைச் சற்றுக் குறைப்போம். ஒரு குடும்பம் சில மாதங்களாக ஒன்றுகூடல்களுக்கு வராவிட்டால், காரணம் தேடாமல் ஒரு தொலைபேசி எடுப்போம். "சமைக்கிறேன், கொஞ்சம் கொண்டுவந்து தரட்டா?" என்ற ஒரு கேள்வி போதும். துன்பத்தில் இருக்கும் தாய்க்கு அன்று இரவு சமைக்க வேண்டியதில்லை. அவர் ஒரு மணி நேரம் முந்திப் படுப்பார். மறுநாள் காலை மகனின் கதவைத் தட்டும்போது அவரிடம் சற்றுக் கூடுதலான பொறுமை இருக்கும்.